அவர் வர மறுக்கிறார், நான் மட்டும் போகலாமா?

கேள்வி:

என் கணவருக்கு வயது 62. சில வருடங்களாக இரண்டு காதிலும் கேட்கும் திறன் குறைந்துகொண்டே வருகிறது. காது மெஷின் வாங்கியாயிற்று. வீட்டில் நாங்கள் இருவர் மட்டும் இருக்கும்போது போட்டுக்கொள்கிறார். நாலு பேர் கூடும் இடத்துக்குப் போனால் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துவிடுகிறார். கேட்டால், "வெறும் இரைச்சல்தான் கேட்கிறது" என்கிறார். போனில் பேசுவது, டாக்டரிடம் பேசுவது, வாசலில் வந்து நிற்பவரிடம் பேசுவது எல்லாம் நான்தான். யாராவது எதையாவது சொல்லிச் சிரித்தால் உடனே என் முகத்தைப் பார்ப்பார், நான் திருப்பிச் சொல்ல வேண்டும். சில சமயம் அலுத்துப்போய் "ஒன்றுமில்லை, விடுங்கள்" என்று சொல்லிவிடுகிறேன். அன்று முழுவதும் எங்களுக்குள் பேச்சு கிடையாது.

காது பரிசோதனை செய்த இடத்தில், கேட்கும் திறன் குறைந்தவர்களும் அவர்கள் குடும்பத்தாரும் மாதம் ஒருமுறை கூடிப் பேசும் குழு ஒன்று இருப்பதாகச் சொன்னார்கள். "நான் என்ன செவிடனா, அங்கே போய் உட்கார?" என்று அவர் மறுத்துவிட்டார். எனக்குப் போக வேண்டும் போலிருக்கிறது. அவர் வராமல் நான் மட்டும் போகலாமா? அவரைப் பற்றிக் குறை சொல்லப் போகிற மாதிரி ஆகிவிடாதா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

போகலாம். தாராளமாகப் போகலாம். அவர் என்றைக்காவது மனம் மாறி வருவார், அப்போது சேர்ந்து போகலாம் என்று காத்திருக்கவும் வேண்டாம். அடுத்த கூட்டம் என்றைக்கு என்று விசாரித்து, அதற்கே போய்விடுங்கள்.

உங்கள் கடிதத்தில் அவருடைய காதைப் பற்றி நிறைய இருக்கிறது, உங்கள் களைப்பைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. செவித்திறன் நிபுணராக எத்தனையோ தம்பதிகளைப் பார்க்கிறேன். மெஷினைப் பற்றிக் கேள்வி கேட்பவர் பெரும்பாலும் மனைவியாக இருப்பார், அல்லது மகளாக இருப்பார். "நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?" என்று அவரைக் கேட்டால், ஒரு நிமிடம் பதில் வராது. யாரும் கேட்டிராத கேள்வி அது.

உலக சுகாதார நிறுவனம் 2001-இல், உடல்நலக் குறை அன்றாட வாழ்வை எப்படிப் பாதிக்கிறது என்பதற்கான ஒரு வகைப்பாட்டை வெளியிட்டது. ஒருவருக்கு வந்த உடல்நலக் குறை, அவரோடு வாழ்பவரின் அன்றாடத்தையும் முடக்கக்கூடும் என்பதை, இனி ஆராய வேண்டிய ஒரு விஷயமாக அது குறிப்பிட்டது. ஆஸ்திரேலியாவில் சில ஆய்வாளர்கள் அதைப் பிடித்துக்கொண்டு, காது கேட்காத முதியவர்களின் துணைவர்களிடமே போய்ப் பேசினார்கள். கிடைத்த பதில்கள் உங்கள் கடிதத்தில் இருப்பது மாதிரியானவைதான். எல்லாவற்றையும் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கிறது, வெளியே போவது குறைந்துவிட்டது, சின்னச் சின்ன அரட்டை நின்றுபோய்விட்டது, தேவையான பேச்சு மட்டும் மிச்சம், டிவி சத்தத்தில் ஒரே அறையில் உட்கார முடியவில்லை. ஆகவே நீங்கள் அவரைப் பற்றிக் குறை சொல்லப் போகவில்லை. உங்களுக்கு வந்திருக்கும் பிரச்சினைக்கு நீங்கள் உதவி தேடிப் போகிறீர்கள்.

சரி, முதலில் அந்தச் சட்டைப் பை விஷயத்தைப் பார்த்துவிடுவோம். அது வீம்பு என்று நீங்கள் நினைப்பது கடிதத்தில் தெரிகிறது. அதில் பாதிதான் உண்மையாக இருக்கும்.

வயதாக ஆக வரும் செவித்திறன் குறைவு எல்லா ஒலியையும் ஒரே அளவில் குறைப்பதில்லை. உள்காதில் நத்தை ஓடு மாதிரி சுருண்ட ஒரு பகுதி இருக்கிறது. ஒலியை நரம்புக்கு அனுப்பும் நுண்ணிய மயிர்ச் செல்கள் அதற்குள்தான் இருக்கின்றன. பிறக்கும்போது ஒரு காதுக்குச் சுமார் 15,000 இருக்கும். அழிந்தால் மனிதருக்குத் திரும்ப முளைக்காது. கீச்சென்ற, உயர்ந்த சுருதி ஒலிகளுக்கான செல்கள்தான் பெரும்பாலும் முதலில் போகும். பேச்சில் உயிரெழுத்து ஒலிகள் கனமானவை, அவை கேட்டுவிடும். ச, த, க, ப போன்ற மெய்யொலிகள் மங்கிப்போகும். பல், கல் இரண்டும் ஒன்றுபோல வந்து விழும். அதனால்தான் "சத்தம் கேட்கிறது, என்ன சொன்னாய் என்று புரியவில்லை" என்கிறார்கள். பக்கத்தில் இருப்பவருக்கோ, வேண்டாததற்குக் காது கொடுக்காமல் வேண்டியதை மட்டும் கேட்கிறார் என்று தோன்றும்.

கண்ணாடி போட்டதும் எழுத்து தெளிவதுபோல மெஷின் போட்டதும் பேச்சு தெளிந்துவிடும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். மெஷின் ஒலியைக் கூட்டித் தரும், இரைச்சலைக் கொஞ்சம் அடக்கவும் செய்யும். போன செல்களை அது கொண்டுவராது. நாலு பேர் ஒரே நேரத்தில் பேச, பின்னால் பாட்டு ஓட, நாற்காலி இழுபட, இவற்றில் எது தனக்கான பேச்சு என்று பிரித்தெடுப்பது மூளையின் வேலை. அதற்குக் கிடைப்பதே அரைகுறைத் தகவல் என்றால் ஒரு மணி நேரத்தில் ஆள் களைத்துவிடுவார். கழற்றிப் பையில் போட்டால் நிம்மதி. உங்கள் கணவர் செய்வது அதுதான்.

இதில் சரிசெய்யக்கூடிய பங்கும் இருக்கிறது. மெஷின் பொருத்தியவரிடம் திரும்பப் போய், "வீட்டில் சரி, கூட்டத்தில் தாங்க முடியவில்லை" என்று அதே வார்த்தைகளில் அவரையே சொல்லச் சொல்லுங்கள். காதுக்குள் மெல்லிய குழாய் வைத்து, மெஷின் உண்மையில் எவ்வளவு ஒலி தருகிறது என்று அளந்து பார்க்கும் பரிசோதனை இருக்கிறது, அதைச் செய்தார்களா என்று கேளுங்கள். இரைச்சலான இடத்துக்கென்று தனி அமைப்பு வைத்துத் தர முடியும். பேசுபவர் சட்டையில் குத்திக்கொள்ளும் சின்ன மைக்கும் கிடைக்கிறது, அது பேச்சை நேராக மெஷினுக்கு அனுப்பிவிடும். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபல் குறையும். மைக் பேசுபவரின் வாய்க்கருகே இருப்பதால் அந்த இழப்பு இல்லை. விலை உயர்ந்த மெஷினை மாற்றுவதற்கு முன் இந்த மைக்கைப் பரீட்சித்துப் பார்க்கலாம் என்பது என் கருத்து.

இனி அவர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். "நான் என்ன செவிடனா?"

கோபத்தில் சொன்னது என்றாலும் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. பிறவியிலிருந்தே அல்லது சிறு வயதிலிருந்தே காது கேட்காமல், சைகை மொழியில் வளர்ந்தவர்களின் உலகம் வேறு. அவர்களுக்கென்று மொழி இருக்கிறது, நட்பு வட்டம் இருக்கிறது. 1951-இலேயே ரோம் நகரில் உலகக் காதுகேளாதோர் கூட்டமைப்பு உருவாகிவிட்டது. அந்தச் சமூகத்தில் யாரும் வெட்கப்பட்டு ஒளிந்துகொள்வதில்லை, அவர் அதை இழிவாக நினைத்துச் சொன்னது சரியல்ல. ஆனால் அறுபது வருடம் காதால் கேட்டு, வாயால் பேசி வாழ்ந்தவருக்கு அது தன் இடமாகத் தோன்றாது. நன்றாகக் கேட்பவர்கள் நடுவிலும் இப்போது ஒட்ட முடியவில்லை. இரண்டுக்கும் நடுவில் அந்தரத்தில் நிற்கிறார்.

இந்த அந்தரத்தில் நின்ற ஒருவர்தான் அமெரிக்காவில் ஹோவர்ட் ஸ்டோன், எல்லோரும் ராக்கி என்று கூப்பிடுவார்கள். இளம் வயதில் ராணுவத்தில் இருந்தபோது செவித்திறனை இழந்தவர். அந்த நிலையிலேயே அந்த நாட்டின் உளவுத் துறையில் வேலை பார்த்தார். காதால் சேகரிக்க வேண்டியதைக் காது இல்லாமல் சேகரித்திருக்கிறார், எப்படி என்று இன்றும் எனக்கு வியப்புதான். ஓய்வு பெற்றபின் 1979-இல், கேட்கும் திறன் குறைந்தவர்கள் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ள ஓர் அமைப்பைத் தொடங்கினார். இன்று அது ஹியரிங் லாஸ் அசோசியேஷன் ஆஃப் அமெரிக்கா என்ற பெயரில், பல ஊர்களில் கிளைகளோடு நடக்கிறது. பேச்சு மொழியை விடாமல், குறைந்த கேட்கும் தி‌றனோடு வாழப் பழகுகிறவர்கள், கூடவே அவர்கள் வீட்டார், இவர்களுக்கான குழு என்ற எண்ணம் அப்படித்தான் வலுப்பட்டது. உங்களிடம் சொல்லப்பட்ட குழுவும் அநேகமாக இந்த வகைதான். அவரிடம் இதைச் சொல்லுங்கள். "செவிடர்கள் கூட்டம் இல்லை" என்று சொல்லாதீர்கள், அது அவருடைய வெட்கத்துக்கு நீங்களே தண்ணீர் ஊற்றுவது. "உங்களைப் போலப் பாதி கேட்டு பாதி கேட்காமல் திண்டாடுகிறவர்கள்" என்று சொல்லுங்கள், போதும்.

தான் மட்டும்தான் என்ற நினைப்பும் அவருக்கு இருக்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் உலகில் ஐந்தில் ஒருவருக்கு ஏதோ ஓர் அளவில் செவித்திறன் குறைவு உண்டு. சிகிச்சையோ பயிற்சியோ தேவைப்படும் அளவுக்கு உள்ளவர்கள் மட்டும் 43 கோடி. இவ்வளவு பேர் இருந்தும் கண்ணில் படாததற்குக் காரணம், பாதிப் பேர் உங்கள் கணவர் செய்வதைத்தான் செய்கிறார்கள். புரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு ஒதுங்கிப் போகிறார்கள்.

குழுவில் என்னதான் நடக்கும்? அழுது புலம்பும் இடம் என்று நினைத்துப் போனால் ஏமாந்துபோவீர்கள். பெரும்பாலும் அது சில்லறை விஷயங்களால் ஆனது. கண்ணாடித் தண்டும் மெஷினும் முகக்கவசக் கயிறும் ஒரே காதில் சிக்கிக்கொண்டால் என்ன செய்வது, போனில் பேச்சை எழுத்தாகக் காட்டும் வசதியை எப்படி இயக்குவது, கூட்டங்களில் எந்த நாற்காலியைப் பிடிப்பது (சுவர் முதுகுக்குப் பின்னால், வெளிச்சம் எதிரில் இருப்பவர் முகத்தில், நன்றாகக் கேட்கும் காது பேசுபவர் பக்கம்). இதையெல்லாம் என்னைப் போன்றவர்களும் சொல்வோம். ஆனால் பத்து வருடம் மெஷின் போட்ட ஒருவர், "முதல் மாதம் நானும் தூக்கி எறிந்தேன்" என்று சொல்லும்போது அது இறங்குவதுபோல நாங்கள் சொல்வது இறங்காது.

ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் லூயிஸ் ஹிக்சன் குழுவினர் இதை ஒரு திட்டமாகவே வடிவமைத்தார்கள். வாரத்துக்கு ஒரு முறை, இரண்டு மணி நேரம், ஐந்து வாரம். சிறு குழு, துணைவர்களும் வரலாம். பாடம் நடத்துவதில்லை. வந்தவர்களிடமே "உங்களுக்கு எந்த இடத்தில் கஷ்டம்?" என்று கேட்டு, அந்த இடத்தை எடுத்துவைத்துக்கொண்டு எல்லோரும் சேர்ந்து வழி யோசிக்கிறார்கள். இதைப் பரீட்சித்துப் பார்த்து 2007-இல் வெளியிட்டார்கள், பலன் தெரிந்தது. பெரிய அற்புதம் இல்லை, ஆனால் மெஷின் போடாதவர்களுக்கும் பலன் இருந்தது. எனக்கு அதில் பிடித்த விஷயம் அதுதான். மெஷின் போட்டால்தான் உள்ளே விடுவோம் என்று யாரும் சொல்லவில்லை.

எல்லாக் குழுவும் நல்ல குழு இல்லை. போகும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். முதல் கேள்வி, பேசுவது எழுத்தாகத் திரையில் ஓடுமா? கேட்கும் திறன் குறைந்தவர்களுக்கான கூட்டத்தில் அந்த ஏற்பாடே இல்லை என்றால், நடத்துகிறவர்களுக்கு விஷயம் பிடிபடவில்லை என்று அர்த்தம். பணம் இல்லாத சிறு குழு என்றால் ஒரு போனில் எழுத்து ஓடவிட்டு நடுவில் வைத்திருந்தாலும் போதும். காந்தச் சுருள் வசதி இருக்குமா என்றும் கேளுங்கள். அறையைச் சுற்றி ஒரு கம்பிவளையம் போட்டிருப்பார்கள். மெஷினில் 'டி' அமைப்பை இயக்கினால் மைக்கில் பேசுவது நேராகக் காதுக்குள் வரும். உங்கள் கணவரின் மெஷினில் அந்த வளையத்திலிருந்து ஒலியை வாங்கும் சுருள் உண்டா என்பதைப் பொருத்தியவர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். அப்புறம், ஒருவர் பேசி முடித்த பின் அடுத்தவர், பேசுகிறவர் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் பேசுவது, வட்டமாக உட்காருவது, இவை பழக்கத்தில் இருக்கிறதா என்று முதல் கூட்டத்திலேயே தெரிந்துவிடும்.

மெஷின் விற்கும் ஆட்கள் மாதாமாதம் வந்து பேசுகிறார்கள், முடிவில் முகவரி எழுதி வாங்குகிறார்கள் என்றால் மரியாதையாக எழுந்து வந்துவிடுங்கள். அது கடை. டாக்டரோ என்னைப் போன்ற நிபுணரோ மேடை போட்டு இரண்டு மணி நேரம் உரையாற்றி, வந்தவர்கள் வாயே திறக்காத கூட்டமும் வேண்டாம். எங்கள் ஆட்களுக்கு மைக் கிடைத்தால் விடமாட்டோம்.

குழுக்களிலும் வகை உண்டு. காது இரைச்சலுக்கென்று தனி, உள்காதில் மின்முனை பதிக்கும் காக்ளியர் இம்பிளான்ட் வைத்தவர்களுக்கென்று தனி, காது கேளாத குழந்தைகளின் பெற்றோருக்கென்று தனி. பெற்றோர் குழுவின் அவசரம் வேறு. பிறந்து ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், ஆறு மாதத்துக்குள் பயிற்சி தொடக்கம் என்று ஓட வேண்டியவர்கள் அவர்கள். அந்தக் கூட்டத்தில் போய் உட்கார்ந்தால் உங்களுக்கு ஒன்றும் கிடைக்காது. பெரியவர்களுக்கும் அவர்கள் துணைவர்களுக்குமானதா என்று கேட்டுவிட்டே போங்கள்.

வீட்டுக்குள் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. ஆனால் பட்டியல் போட்டுக் கொடுத்தால் அதுவும் உங்கள் தலையிலேயே விழும் என்பதால் ஒன்றிரண்டை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, "ஒன்றுமில்லை, விடுங்கள்." காது கேட்காதவர்களிடம் எது அதிகம் வலிக்கிறது என்று கேட்டால், கிண்டலுக்கு முன்னால் இதைத்தான் சொல்வார்கள். 'நீ இந்தப் பேச்சில் இல்லை' என்று அவர்கள் காதில் விழுகிறது. நீங்கள் அலுப்பில் சொல்கிறீர்கள் என்பது எனக்குப் புரிகிறது. அதற்குப் பதில் உண்மையையே சொல்லுங்கள்: "இப்போது திருப்பிச் சொல்லத் தெம்பில்லை, போகும்போது சொல்கிறேன்." சொன்னபடி சொல்லியும் விடுங்கள், அந்த ஜோக் ஆறிப்போயிருந்தாலும். மூன்று முறை அதே வாக்கியத்தைக் கத்துவதைவிட, ஒரு முறைக்குப் பிறகு வேறு வார்த்தையில் சொல்வது சுலபம். கத்தினால் உயிரொலிதான் பெருக்கும், வாயும் கோணும். அவர் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வதும் கெட்டுவிடும். ப, ம இரண்டும் உதட்டில் ஒரே மாதிரிதான் தெரியும் என்பதால் உதட்டை மட்டும் நம்பவும் முடியாது.

இரண்டாவது, அடுத்த அறையிலிருந்து பேசுவதை இருவருமே நிறுத்துங்கள். பேச வேண்டும் என்றால் யாருக்கு வேண்டுமோ அவர் எழுந்து போக வேண்டும். அவருக்கு ஏதாவது கேட்க வேண்டும் என்றால் அவரே எழுந்து வரட்டும். முதலில் பெயரையோ உறவையோ சொல்லி அழைத்து, திரும்பிப் பார்த்த பிறகு விஷயத்தைச் சொல்லுங்கள். பாதிச் சண்டை இதிலேயே நின்றுவிடும்.

அவர் பங்குக்கும் வேலை இருக்கிறது. கேட்கவில்லை என்றால் "ஆ?" என்பதோடு நிறுத்தக் கூடாது. "நாளைக்கு எங்கேயோ போகணும் என்கிறாய், எங்கே?" என்று கேட்ட மட்டும் திருப்பிச் சொன்னால், நீங்கள் விட்டுப்போன ஒரு சொல்லை மட்டும் சொன்னால் போதும். தலையாட்டுவதை அவர் விட வேண்டும். இதை நீங்கள் சொல்லித் திருத்த முடியாது என்றுதான் நினைக்கிறேன். குழுவில் இன்னொரு ஆண் சொன்னால் நடக்கும்.

அடுத்தது, அவருக்காக எல்லாவற்றையும் நீங்களே பேசுவது. அன்பினால் தொடங்கியதுதான். ஆனால் டாக்டர் அவரைப் பார்த்துக் கேட்கும் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லச் சொல்ல, அடுத்த முறை டாக்டர் உங்களைப் பார்த்தே கேட்பார். மூன்றாவது முறை அவர் அறையில் இருப்பதே மறந்துபோகும். ஒரேயடியாக எல்லாவற்றையும் கைவிட வேண்டாம். ஒன்றை மட்டும் அவரிடம் திருப்பிக் கொடுங்கள். போனில் தொடங்கலாம். இப்போதைய பல மெஷின்கள் ப்ளூடூத் வழியாகப் போன் குரலை நேராக இரண்டு காதுக்கும் தரும். வீடியோ அழைப்பில் முகம் தெரியும். பேச்சை எழுத்தாக்கும் செயலிகள் பிழைகளோடுதான் என்றாலும் பிழைக்க உதவும். முதலில் பழகிய குரலோடு, வெளியூரில் இருக்கும் தங்கையோ பழைய நண்பரோ, வாரம் ஒரு முறை. டாக்டரிடம் போகும்போது நீங்கள் கூட இருங்கள், ஆனால் அவருக்குப் பின்னால் உட்காருங்கள். "இவருக்குக் காது மந்தம், முகத்தைப் பார்த்துப் பேசுங்கள், மருந்து விவரத்தை எழுதிக் கொடுங்கள்" என்பதை அவரே சொல்லட்டும், "எனக்கு" என்று தொடங்கி. மருந்தின் அளவு, அறுவை சிகிச்சை மாதிரி விஷயங்களில் மட்டும் நீங்களும் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள், அங்கே தவறு நேரக் கூடாது.

இணையத்தில் தேடினால் உங்களுக்கு வந்து விழும் ஒரு பயமுறுத்தலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மெஷின் போடாவிட்டால் மறதி நோய் வரும் என்று விளம்பரங்கள் மிரட்டுகின்றன. நடுவயதில் வரும் செவித்திறன் குறைவு, மறதி நோய்க்கான, நம்மால் மாற்றக்கூடிய காரணிகளில் ஒன்று என்று லான்செட் என்ற மருத்துவ இதழின் ஆய்வுக் குழு 2020-லும் 2024-லும் சொல்லியிருப்பது உண்மை. ஆனால் 70 முதல் 84 வயதுள்ள 977 பேரை மூன்று வருடம் கவனித்து 2023-இல் வெளியான ஒரு பெரிய பரிசோதனையில், எல்லோரையும் சேர்த்துப் பார்த்தபோது மெஷினால் நினைவாற்றல் சரிவில் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. ஏற்கெனவே ஆபத்து அதிகமாக இருந்த பிரிவினரிடம் மட்டும் சரிவின் வேகம் 48 சதவீதம் குறைந்தது. நல்ல செய்திதான், ஆனால் வீட்டில் சண்டை போடும்போது கையில் எடுக்கும் ஆயுதம் இல்லை. அவர் மெஷின் போட வேண்டியது பேரக்குழந்தையின் பேச்சு புரிய. அந்தக் காரணமே போதும்.

ஒரு எச்சரிக்கை மட்டும். ஒரு காதில் திடீரென்று, ஓரிரு நாளுக்குள் கேட்காமல் போனாலோ, கூடவே தலைசுற்றல் இருந்தாலோ, அது வயதால் வந்தது என்று இருந்துவிடாதீர்கள். அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போக வேண்டும். அதற்கான ஸ்டீராய்டு சிகிச்சை முதல் இரண்டு வாரத்துக்குள், அதிலும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

அவரை எப்படி வரவழைப்பது? வரவழைக்காதீர்கள். நீங்கள் போய்விட்டு வந்து, அவரைப் பற்றி என்ன பேசினீர்கள் என்று சொல்லாமல், நீங்கள் என்ன கற்றுக்கொண்டீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். "நான் பின்பக்கமிருந்து பேசுவது தப்பாம், இனி முன்னால் வந்து சொல்கிறேன்" என்று சொன்னால் அவருக்குத் தற்காத்துக்கொள்ள எதுவும் இல்லை. இப்படி இரண்டு மூன்று முறை ஆனபின் ஒரு குறிப்பிட்ட காரணத்துக்காகக் கூப்பிடலாம். சட்டையில் குத்தும் மைக்கைப் போட்டுப் பார்க்கலாம் என்றோ, அங்கே ஒருவருக்குப் போனில் எழுத்து வசதி வைக்கத் தெரியவில்லை, நீங்கள் வந்து காட்டுங்கள் என்றோ. உதவி வாங்க வர மறுக்கும் ஆண்கள் உதவி செய்ய வந்துவிடுவார்கள், இதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அப்படியும் வராவிட்டால், வரவில்லை. உங்களுக்குக் குழு தேவை என்பது மாறாது.

ஒருவேளை அந்தக் குழு நின்றுபோயிருந்தால், அல்லது போய்ப் பார்த்துப் பிடிக்காவிட்டால், நீங்களே இரண்டு மூன்று குடும்பங்களைச் சேர்க்கலாம். பரிசோதனை நிலையத்தில் மற்றவர்களின் பெயரைத் தரமாட்டார்கள், தரவும் கூடாது. உங்கள் எண்ணை எழுதிக் கொடுத்து, விருப்பமுள்ளவர்களுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். கம்பளமும் திரைச்சீலையும் உள்ள, மின்விசிறிச் சத்தம் குறைந்த ஒரு அறை போதும். ஆறு பேருக்கு மேல் ஆரம்பத்தில் வேண்டாம்.

உங்கள் அழுகையையோ தூக்கத்தையோ பற்றி நீங்கள் எழுதவில்லை. எதிலும் மனம் ஒட்டாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால், குழுவோடு நிற்காமல் ஒரு மனநல ஆலோசகரையும் பாருங்கள்.

எங்கே போகிறீர்கள் என்பதை அவரிடம் மறைக்காமல் சொல்லிவிட்டுப் போங்கள். "எனக்காகப் போகிறேன்" என்று சொன்னால் போதும். முதல் நாள் வாய் திறந்து பேச வேண்டிய கட்டாயம் எந்த நல்ல குழுவிலும் கிடையாது. கேட்டுக்கொண்டு மட்டும் இருந்துவிட்டு வரலாம். ஒன்று மட்டும் அங்கே இருக்கும் மற்ற மனைவிமார்களிடம் தனியாகக் கேளுங்கள்: போன் பேசுவதை அவர்கள் எப்போது, எப்படி கணவரிடம் திருப்பிக் கொடுத்தார்கள் என்று. என்னைவிட அவர்கள் சொல்லும் வழி உங்கள் வீட்டுக்குப் பொருத்தமாக இருக்கும்.